குலசிங்கத்தின் ஏற்புரை

எங்கள் பேரவையில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் ஒன்றில் மேடைக் கதிரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் போட்ட படத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது, பேரவையின் சட்டப் புத்தகமான யாப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கதிரையில் இருப்பவர் கடைசியில் எழுந்து ஏற்புரை சொல்லுவார். படத்தில் இருப்பவருக்குச் சந்தன மாலை, குத்துவிளக்கு, மௌன அஞ்சலி. யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் ஊரில் பஸ்ஸும் கரண்டும் பள்ளிக்கூடமும் நினைத்த நேரத்துக்கு நின்றன. பேரவையின் ஒழுங்கு மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை என்று தலைவர் ஏறிய மேடைகளிலெல்லாம் சொல்லுவார்.

முழுப் பெயர் கடலோர முத்தமிழ் மதிப்பீட்டுப் பேரவை. வேலை, விமர்சனக் கூட்டம் நடத்துவது. சோமசேகரமாகிய நான் அதில் செயற்குழு உறுப்பினர். தமிழ் தெரிந்து சேர்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருகோணமலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. பேரவையின் மைக்செட்டை வைக்க இடமில்லாமல் என் கடையில் கொண்டுவந்து வைத்தார்கள். பேரவைச் சொத்து உறுப்பினர் ஒருவரின் பொறுப்பில்தான் இருக்கலாமென்று யாப்பு சொல்கிறதாம், அதனால் மைக்செட்டோடு சேர்த்து என்னையும் உறுப்பினராக்கினார்கள். கூட்டத்துக்கு மைக் கட்டுவேன், சோடா உடைத்துக் கொடுப்பேன், பின்வரிசையில் நித்திரை கொள்ளுவேன்.

தலைவர் கனகரத்தினம், ஓய்வு பெற்ற அதிபர். பட்டம் 'சொல்லருவி'. அதை அவரே பிரேரித்தார், நாங்கள் கைதட்டி வழிமொழிந்தோம். எந்த நூலை விமர்சித்தாலும் "இந்நூல் நேற்றுப் பின்னேரம்தான் என் கையில் கிடைத்தது" என்றுதான் தொடங்குவார். ஒருமுறை தம்முடைய சொந்த நூலுக்கும் வாய்தவறி அப்படியே தொடங்கிவிட்டார். செயலாளர் பாக்கியரத்தினம், ஓய்வு பெற்ற தபாலதிபர். அவருடைய பெருமை, கொழும்புப் பத்திரிகை எங்கள் கூட்ட அறிக்கையை ஒரு சொல்லும் வெட்டாமல் ஞாயிற்றுக்கிழமை போடுவது. விளக்கேற்றியவர், மாலை போட்டவர், வருத்தம் தெரிவித்தவர் என்று எல்லாருடைய பெயரும் வரும்.

அந்தப் பெயர்கள் வருகிறதைப் பார்த்துத்தான் பூரணி ஒருநாள் என் கடைக்கு வந்தாள். உட்துறைமுகப் பக்கத்துப் பெண். அவளுடைய புருசன் குலசிங்கம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். சைக்கிளுக்கு என்னிடம்தான் செயின் மாற்றுவான், மாற்றி முடியும்வரை வாய் மூடாமல் பகிடி விடுவான். ஓகஸ்ட் மாதத்துச் சுற்றிவளைப்பில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் கூட்டிக்கொண்டு போனது என்று அந்த நாட்களில் யாரும் பெயர் சொல்வதில்லை, 'அவங்கள்' என்றால் போதும். ஒரு கையெழுத்து வைத்துவிட்டு வரலாம் என்றார்களாம். தைப்பொங்கலும் வந்து போய்விட்டது.

பூரணி வந்ததும் வராததுமாய்ச் சோற்றுப் பையிலிருந்து ஒரு வயரை எடுத்து என் கடைச் சுவர் பிளக்கில் குத்தினாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

"சோமண்ணை, உங்கடை கூட்டத்திலை ஒரு சாமானை விமர்சனம் செய்யவேணும்."

"என்ன சாமான் பிள்ளை? கவிதைப் புத்தகமோ?"

"இல்லை, கேம்."

சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நடுவில் தீப்பெட்டியளவு கண்ணாடி. ரீவியில் விளையாடுகிற பழைய தாவல் விளையாட்டு ஒன்றைக் கையில் வைத்து விளையாடுகிறமாதிரிச் சின்னதாக்கியிருக்கிறார்களாம். கிண்ணியாவிலுள்ள கூட்டாளி அபூதாஹிர் சவூதியிலிருந்து வரும்போது குலசிங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது. கண்ணாடிக்குள் பார்த்தேன். கையில் விளக்கோடு ஒரு சின்ன மனிதன். அவனுக்குக் கீழே கறுப்பாய் ஒரு குழி. அவன் அந்தரத்தில் நின்றான், அசையவேயில்லை. மேல் மூலையில் 'ஒன்று' என்று ஓர் இலக்கம். அதுதான் அவனுக்கு மிச்சமிருக்கிற உயிராம்.

"பழுதாப் போச்சோ?"

"இல்லை அண்ணை. வாசல்லை வந்து கூப்பிடேக்கை இவர் விளையாடிக்கொண்டிருந்தவர். ஒரு பட்டனை அமத்திப்போட்டு என்ரை கையிலை தந்தவர். 'நூத்துப் போடாதை பூரணி, வந்து மிச்சத்தை விளையாடுறன்' எண்டவர். அண்டையிலை இருந்து நான் நூக்கேல்லை. கரண்ட் இருந்தால் வயர், கரண்ட் போனால் பற்றரி. ஒருக்கா நூந்தால் இவன் இந்த இடத்திலை இருக்கமாட்டான்."

ஓகஸ்டிலிருந்து அதை அணைக்காமலே வைத்திருக்கிறாள். இதை என்னவென்று விமர்சிக்கிறது என்று கேட்டேன்.

"என்னத்தையெண்டாலும் சொல்லுங்கோ. உங்கடை அறிக்கையிலை எல்லாற்றை பேரும் வருது. சோடா உடைச்ச உங்கடை பேரும் வந்தது. இவற்றை பேரும் ஒருக்கா வரட்டும், திரு. குலசிங்கம் எண்டு. நான் மூண்டு தரம் போய்க் கேட்டிட்டன் அண்ணை, அப்பிடி ஒராளே இல்லையெண்டு சொல்லுறாங்கள்."

வேறு எவராவது கேட்டிருந்தால் ஏலாது என்றிருப்பேன். இவளுக்கு எந்த வாயால் ஏலாது என்கிறது? கூட்டம் முடியும்வரை கருவி என் கடை வயரிலேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் செயற்குழு என் கடையிலேயே கூடியது, கருவியை வயரிலிருந்து கழற்ற ஒருவருக்கும் துணிவில்லை. விளையாட்டு இலக்கியமா என்று முதலில் ஒரு விவாதம். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றிக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்தவனைக் கனநேரம் பார்த்தார்.

"நாயகன் இருக்கிறான். கையிலை விளக்கிருக்கு. தடை இருக்கு. எங்கடை காப்பியங்களிலை இதைவிட என்ன இருக்கு? குழி கடந்த குமரன் எண்டு தமிழிலை ஒரு பேர் வைச்சால் காரியம் முடிஞ்சுது."

அப்படியானால் படைப்பாளி யார்? செய்தவன் எங்கோ யப்பானில் இருக்கிறான், அவனுக்கு அழைப்பிதழ் அனுப்ப முத்திரை கட்டாது. நாடகத்தில் ஆடுகிறவனுக்குத்தானே மாலை, ஆகவே விளையாட்டிலும் ஆடியவரே ஆக்கியவர் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். எனக்கு உள்ளூரச் சந்தோசம். பூரணியின் முகத்தைப் பார்த்தேன், அவளும் கொஞ்சம் தெளிந்திருந்தாள். அப்போதுதான் செயலாளர் யாப்பைப் புரட்டினார்.

"ஏற்புரை ஆர் சொல்லுறது?"

தலைவர் பூரணியின் பக்கம் திரும்பினார். "படைப்பாளி உயிரோடை இருக்கிறாரோ பிள்ளை?"

"ஓம்."

"அப்ப மேடைக்கு வருவார்."

"அவரை வைச்சிருக்கிறாங்கள் ஐயா."

இருந்த ஆறு பேரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். என் கடையில் மின்விசிறி பழுதாகி இரண்டு வருசம். அதில் பார்க்க ஒன்றும் கிடையாது, ஆனாலும் பார்த்தார்கள்.

"எங்கடை பேரவை அரசியல் கதைக்கிறதில்லை," என்றார் தலைவர். "நான் கேக்கிறது வெறும் ஒழுங்குப் பிரச்சினை. உயிரோடை இருக்கிற ஆளெண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லையெண்டால் ஒரு படம் கொண்டு வாங்கோ. கறுப்பு வெள்ளையெண்டாலும் பரவாயில்லை, சட்டம் எங்களிட்டை இருக்கு."

"படம் தரமாட்டன்," என்றாள் பூரணி.

"இருக்கிறாரோ இல்லையோ தெரியாது எண்டு ஒரு பிரிவு யாப்பிலை இல்லை பிள்ளை."

"அப்ப எழுதுங்கோவன்."

யாப்பில் ஒரு வரி சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வேண்டும். அதில் பாதிப்பேர் கனடா போய்விட்டார்கள். கடைசியில் மேடையில் குலசிங்கத்தின் பெயர் எழுதிய கதிரை ஒன்று போடுவதென்றும், மேசைக்குக் கீழே ஒரு பையில் சந்தன மாலையை ஆயத்தமாக வைப்பதென்றும் முடிவானது. இரண்டில் எது தேவைப்படுகிறதோ அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தத் தேநீர் ஆறுவதற்குள் செயலாளர் கூட்ட அறிக்கையை எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டார். கூட்டத்துக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. ஆச்சரியப்படாதீர்கள், அதுதான் அவர் முறை. பாதை பூட்டினால் கடிதம் எப்போது கொழும்புக்குப் போகுமென்று சொல்லேலாது. கூட்டம் முடிந்தபின் எழுதினால் செய்தி பழசாகிவிடும். ஆகவே எல்லா அறிக்கையும் முன்கூட்டியே போய்விடும். ஒருமுறை மழையில் மண்டபக் கூரையின் ஒரு பக்கம் விழுந்து தலைவர் உட்பட எல்லாரும் ஓடினோம். பத்திரிகையில் அன்றைய கூட்டம் நன்றியுரையோடு இனிதே நிறைவுற்றிருந்தது.

பொதுக்கூட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். கூட்ட அனுமதிக் காரியாலயத்துக்குத் தலைவரும் நானும் கருவியோடு போனோம். பற்றரியில் ஓடியது. வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு இடத்திலும் யாராவது பட்டனை அமத்திவிடுவார்களோ என்று அவர்களுடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி நன்றாகத் தமிழ் பேசுகிறவர். பிடித்துக்கொண்டு போன ஆட்களைக் கேட்டுப் போகிற இடமும் அதுதான், பூரணிக்கு மூன்று தரமும் அப்படி ஒராள் இல்லை என்று சொன்னவர் அவர்தான். நிகழ்ச்சி நிரலை அவர் வாசிக்கவில்லை, எங்கள் தலைவர் நூலுக்குக் கொடுக்கிற மரியாதையைத்தான் அதற்குக் கொடுத்தார். கருவியை மட்டும் கூர்ந்து பார்த்தார்.

"இவன் ஏன் மேலே நிற்கிறான்?"

"பாய்ஞ்சவன், சேர்," என்றேன்.

"எங்கே விழுவான்?"

"தெரியாது, சேர். நிப்பாட்டி வைச்சிருக்கு."

"யார் நிறுத்தியது?"

நான் வாய் திறக்க முன் தலைவர் முந்திக்கொண்டார். "ஒரு ரசிகர், சேர்."

அதிகாரி யோசித்தார். "அனுமதி தருகிறேன். ஆனால் நிலைமை இப்போது உள்ளபடியே இருக்க வேண்டும். யாரும் விளையாடக்கூடாது. விளையாடினால் ஏதாவது நடக்கும். நடந்தால் அது சம்பவம். சம்பவங்களுக்கு இந்தக் காரியாலயம் பொறுப்பில்லை. இங்கே எப்போதும் ஒன்றும் நடப்பதில்லை, அதுதான் எங்கள் சாதனை."

வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் தட்டினார். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அவரைக் கண்டதில்லை.

"பாத்தீரே? படைப்பைத் தொடாமல் விமர்சிக்கிறது எங்கடை மரபு. இண்டைக்கு அது சட்டமாயும் போச்சு."

ஆனாலும் விமர்சன உரையை ஒருவரும் எடுக்கவில்லை. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. விமர்சிக்கிற ஆள் குலசிங்கத்தின் பெயரை மைக்கில் சொல்ல வேண்டுமே, அதுதான் பயம். கடைசியில் என் தலையில் கட்டினார்கள். கருவி என் கடை வயரில்தானே இருக்கிறது என்று காரணமும் சொன்னார்கள். வீட்டில் என் மனுசி புஸ்பராணி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மனுசனுக்கு ஏனப்பா இந்த வேலை? நாளைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போனால் உங்கடை கதிரையை நான் எங்கை கொண்டுபோய்ப் போடுறது?" என்றாள். 

கருவி என் கடையில் இருந்த நாட்களில் ஒரு விசயம் நடக்கத் தொடங்கியது. பெண்கள் வந்தார்கள். வால்வு ரியூப் இருக்கோ என்று கேட்பார்கள், அவர்களிடம் சைக்கிளே இராது. மெல்ல மேசைப் பக்கம் கண் போகும். "இது இன்னும் இருக்கோ?" என்பார்கள். "ஓம், இருக்கு," என்பேன். கிட்ட வந்து கண்ணாடிக்குள் நிற்கிறவனைப் பார்ப்பார்கள். சிலர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் அவனைப் பார்த்து, "சாப்பிட்டியோ ராசா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கண்டு வெட்கப்பட்டு வெளியே போனாள். அவர்கள் போனபின் பார்த்தால் மேசையில் பற்றரி இருக்கும். ஒன்று, இரண்டு, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது. அந்த நாளில் பற்றரியைக் கண்டால் குண்டுக்கோ என்று விசாரிப்பார்கள், நாலு பற்றரியோடு சோதனைச் சாவடி தாண்டுவது சின்ன விசயமில்லை. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. பகல் வெளிச்சத்திலேயே அந்தக் கடையில் தனியே இருக்க எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஊரில் இல்லாத ஆட்கள் எல்லாரும் அந்தத் தீப்பெட்டிக் கண்ணாடிக்குள் வந்து நிற்கிறமாதிரி இருந்தது.

எதையாவது சரியாகச் சொல்ல வேண்டுமே என்று களப்பைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் இல்லாத காலம், 'பாதை' என்கிற மிதவையில்தான் ஆளும் வாகனமும் ஏறிப் போகும். அபூதாஹிர் சவூதிக் காசில் போட்ட ஐஸ் வாடியில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். குலசிங்கத்தின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். பூரணியின் கதையைச் சொன்னேன்.

"மறுகா, இன்னும் நூக்காமலா வெச்சிரிக்கி அந்தப் புள்ள? யா அல்லாஹ்." ஒரு பெட்டியைக் கவிழ்த்து எனக்கு இருக்கப் போட்டார். "இந்தக் கேம நான் ரியாத்துல பெரிய ரீவியில வெளையாடி முடிச்சிரிக்கன் சோமண்ணன். அதுல குழியும் தெரியும், மத்தக் கரையும் தெரியும், பாத்துப் பாயலாம். இந்தச் சின்னதுக்குக் கொண்டுவரக்குள்ள கண்ணாடி பத்தாமப் பெய்த்து, ரெண்டு பக்கத்தையும் வெட்டிட்டானுகள். ஓடி வந்த இடம்தான் தெரியும், போய் விழுற இடம் தெரியாது. அதான் இதுல உள்ள பெரிய கொற."

"அப்ப குலசிங்கம் தெரியாமலோ பாய்ஞ்சவன்?"

"மனசால கணக்குப் பாத்துப் பாஞ்சிரிப்பாரு. வேற என்ன செய்யலாம்?"

"மற்றக் கரை இருக்கோ?"

அபூதாஹிர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கேம் செஞ்சவன் கரை வெக்காமக் குழி வெப்பானா? இரிக்கி. ஆனா அது கேமுல."

கூட்டம் வாசிகசாலை மண்டபத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு. ஆறுக்கு ஊரடங்கு. மேடையில் மேசை, மேசையில் வாழையிலை, வாழையிலையில் கருவி. பக்கத்தில் பெயர் எழுதிய கதிரை. எவரும் அந்தக் கதிரைக்கு அருகில் இருக்க விரும்பாமல் மற்றக் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் அது மேடை நடுவில் தனியே நின்றது. முன்வரிசையில் பூரணி. பின்வரிசைகளில் என் கடைக்கு வந்த பெண்கள். இவ்வளவு பேர் எங்கள் பேரவைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தலைவர் எழுந்தார். இரண்டு வாரமாக அதை என் கடையில் தினமும் பார்த்த மனிதர், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"இந்த விளையாட்டு நேற்றுப் பின்னேரம்தான் என் கையில் கிடைத்தது. ஆயினும் முழுமையாக உள்வாங்கியுள்ளேன். பெரிய கருவியில் இருந்ததைச் சிறிய கருவிக்குச் சுருக்கித் தந்திருக்கிறார்கள். மூலத்தை நான் கண்டதில்லை, ஆகவே சுருக்கம் மூலத்தைவிடச் சிறந்தது என்று துணிந்து கூறுவேன். நாயகனைப் பாருங்கள். அந்தரத்தில் நிற்கிறான். ஏன் கீழே இறங்கவில்லை? அடக்கம்! இறங்கினால் மற்றவர்களுக்குத் தொல்லை என்று நினைக்கிறான். அவன் எதையும் கேட்பதில்லை. எங்கே போகிறேன் என்று கேட்பதில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பதில்லை. எங்கள் இளைஞர்கள் யாவரும் இவனைப்போல் அசையாமல் நின்றால் இந்த ஊருக்கு ஒரு குறையும் வராது. நானும் என் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அதனால்தான் உங்கள் முன் தலைவராக நிற்கிறேன்."

முன்வரிசை கைதட்டியது. பூரணி மடியில் இருந்த கையை எடுக்கவில்லை.

ஆசியுரை வந்தது, வாழ்த்துரை வந்தது, அனுமதி வழங்கிய பெருந்தகைக்கு ஒரு வெண்பா வந்தது. அதன்பிறகுதான் அந்தக் கண்ணராவி நடந்தது. செயலாளர் பாக்கியரத்தினம் பொல்லாதவர் இல்லை, பழக்கதோசம். ஐம்பது கூட்டம் நடத்திய வாய், தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"இப்பொழுது அன்னாரின் ஆத்மா சாந்தியடைய அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவோம்."

மண்டபம் எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன், கால்கள் கேட்காமல் எழுந்துவிட்டன. பூரணி மட்டும் இருந்தாள். மேடையைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் இருந்த இருப்பைப் பார்த்தேன். நானும் திரும்பக் கதிரையில் இருந்தேன். என் கதிரை கிரீச்சிட்டது. பின்னால் இன்னொரு கதிரை. மூதூர்த் தாய் இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் இருந்தாள், பிறகு வரிசை வரிசையாக இருந்தார்கள். கடைசியில் மேடையில் இருந்தவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தலைவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தைப் பாதியில் முடித்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது, அதை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் இதை விளையாடேல்லை. அதாலை நல்லதோ கெட்டதோ எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை," என்றேன். "ஒரு குறை மட்டும் தெரியும். கண்ணாடி சின்னன். ரீவியிலை தெரியிற மற்றக் கரை இதிலை தெரியாது. நாங்கள் எல்லாரும் இந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளைதான் பாத்துக்கொண்டிருக்கிறம். கரையைக் காணேல்லை எண்டதுக்காக இவன் விழுந்திட்டான் எண்டு சொல்ல ஏலாது. நிண்டு அஞ்சலி செலுத்தவும் ஏலாது. இதை விளையாடினவர் குலசிங்கம். என்னட்டைச் செயின் மாத்தினவர். அப்பிடி ஒராள் இருக்கிறார்."

மைக் ஊளையிட்டது. கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்தார்.

"அடுத்து ஏற்புரை. திரு. குலசிங்கம் அவர்கள்."

மைக்கில் அந்தப் பெயர் மண்டபம் முழுக்கப் போய் வெளியே வீதிக்கும் போனது. உடனே எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட மிச்சமில்லை. நான் பார்த்தேன், செயலாளர் பார்த்தார், மாலையைப் பையில் போட்டு வைத்திருந்த தலைவரே கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் அடித்தது. ஒரு சைக்கிள் மணிச் சத்தம் வந்து, கிட்டவாகி, பிறகு கடந்து போனது.  எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருந்தோம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் வருவான் என்று அந்த நேரம் நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம், இதை எங்கே கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பிறகு நன்றியுரை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. பூரணி அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். செயலாளர் எப்போதோ அனுப்பிய அறிக்கை, எழுத்துக்கு எழுத்து அப்படியே. கடைசி வரி: 'இறுதியாக, பலத்த கரகோசத்தின் மத்தியில் திரு. குலசிங்கம் ஏற்புரை நிகழ்த்தினார்.'

"பாருங்கோ அண்ணை. என்ரை மனுசன் பேசியிருக்கிறார்." சிரித்தாள். கண்ணீரும் வந்தது. "கரகோசமாம் அண்ணை, அவருக்கு மைக்கெண்டால் கால் நடுங்கும்." அந்த வரியை எத்தனை தரம் வாசித்தாள் என்று கணக்கில்லை. குலசிங்கம் போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த நாள் காலை அவள் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோக வந்திருந்தபோது கடை வாசலில் ஜீப் நின்றது. அனுமதி அதிகாரி இறங்கினார். பின்னால் தலைவரும் செயலாளரும், வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே அவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி பத்திரிகையை என் மேசையில் எறிந்தார்.

"இது பொய்ச் செய்தி. யார் எழுதியது?"

"சேர், அது வழக்கமான வசனம்," என்றார் செயலாளர். "எல்லா அறிக்கையிலையும் அப்பிடித்தான்..."

"இந்த ஆள் பேசியிருக்க முடியாது."

"வரேல்லைத்தான் சேர். ஆனால் வந்திருந்தால்..."

"வந்திருக்கவும் முடியாது! ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு இவர் எங்கேயும் வந்திருக்க முடியாது, பேசியிருக்க முடியாது. எனக்குத் தெரியாமல் எப்படி? அவரைக் கொண்டுபோய்..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.  அவருக்கு அப்போதுதான் மூலையில் நின்ற பூரணி கண்ணில் பட்டாள். ஓகஸ்ட் என்று அவருக்கு அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை.

"அப்பிடி ஒராளே இல்லையெண்டு சொன்னீங்கள், சேர்," என்றாள் பூரணி. "மூண்டு தரம் சொன்னீங்கள்."

அதிகாரி தொப்பியைச் சரி செய்தார். "திருத்தம் போட வேண்டும்," என்று தலைவரிடம் சொன்னார். "அவர் பேசவில்லை என்று."

"ஏன் பேசேல்லை எண்டு போடுறது, சேர்?" என்று கேட்டாள்.

அவர் போய் ஜீப்பில் ஏறினார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் நால்வரும் அப்படியே நின்றோம். பூரணி போய்ப் பழைய ரயர் அடுக்கின்மேல் இருந்தாள். "அண்ணை, எனக்கு விளங்கிட்டுது," என்றாள். அழவில்லை.  எனக்குத்தான் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். ஒரு மனிதன் வாசலில் வந்து நிற்பான் என்று ஊரே திரும்பிப் பார்த்தது, அவன் வரமாட்டான் என்று தெரிந்த ஒரே ஆள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் போகிறான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதுதான் பயங்கரம்.

"பிள்ளை, துக்கமான விசயம்தான். ஆனால் ஒண்டு, ஒழுங்குப் பிரச்சினை தீந்துபோச்சு. எந்தப் பிரிவெண்டு இப்ப தெளிவு. முறையா ஒரு நினைவரங்கு வைக்கலாம். நீங்கள் ஒரு படம் தந்தீங்களெண்டால்..."

வெளியே போங்கோ என்று கத்த வாயெடுத்தேன். பூரணி கை காட்டி என்னை மறித்தாள்.

"வையுங்கோ ஐயா. படம் தாறன். மாலையும் நானே போடுறன்." எழுந்து நின்றாள். "ஆனால் சிறப்புரை இப்ப போனவர்தான் சொல்லவேணும். என்ரை மனுசனைக் கடைசியாக் கண்டவர் அவர். எங்கை கொண்டுபோனது, என்ன செய்தது எண்டு எல்லாத்தையும் மைக்கிலை நிண்டு சொல்லட்டும். அவர் சொல்லி முடிச்சாப் பிறகு நான் மாலையைத் தூக்குறன். முதல்லை அவற்றை பேரைப் போடுங்கோ."

செயலாளர் பழக்கத்தில் பேனாவை எடுத்து 'சிறப்புரை' என்று எழுதினார். பக்கத்தில் பெயரை எழுதப் போனவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த நினைவரங்குக்குப் பேரவை இன்னும் திகதி குறிக்கவில்லை.